மாசுபட்ட கடலில் மட்டிகள்

கேள்வி: கடலில் கலக்கும் கழிவு, சிப்பி, மட்டிகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குமா?
– வாசகர், பெருமாநல்லூர்

பதில்: சிப்பிக்கும் மட்டிக்கும் மனித உடலில் உள்ளதுபோன்ற எதிர்ப்பொருள்கள் கிடையாது. ரத்த அணுக்களே கிருமிகளை விழுங்கிச் செரிக்கின்றன. இரைக்காக ஓயாமல் நீரை வடிகட்டுவதால் காட்மியம், செம்பு போன்ற உலோகங்கள் உடலில் சேர்ந்து, அந்த அணுக்களின் செரிமானப் பைகளைக் கெடுக்கின்றன. இதைக் காட்டிக்கொடுப்பது, திருப்பூர் வட்டாரம் நன்கறிந்த பொருள்: சாயம். ‘நியூட்ரல் ரெட்’ சாயம் ஏற்றிய அணுவை நுண்ணோக்கியில் பார்த்தால், நலமான மட்டியில் சிவப்பு அந்தப் பைகளுக்குள்ளேயே வெகுநேரம் நிற்கும். மாசில் வாழ்ந்த மட்டியில் சீக்கிரமே கசிந்து அணு முழுதும் பரவிவிடும்.

பலவீனப்பட்ட உடலில் நோய் எளிதில் முற்றுகிறது. தமிழகக் கடலோர முத்துச்சிப்பியில் பெர்கின்சஸ் ஒட்டுண்ணி இருப்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2010-இல் வெளியிட்டனர். அமெரிக்கச் சிப்பிகளைத் தாக்கும் இதன் உறவினம், தன்னை விழுங்கிய ரத்த அணுவுக்குள்ளேயே பெருகக்கூடியது. அது உண்டாக்கும் நோய் கொடுமையானது. எண்ணூர், தூத்துக்குடி போன்ற தொழிற்சாலைக் கடலோரங்களில் நீரைச் சோதிப்பதோடு நின்றுவிடாமல், மட்டிகளின் ரத்த அணுக்களையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.