குறைந்த கட்டணம், நிறைந்த நாணயம்

தேர்வு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் அறைக் கண்காணிப்பாளரும் பறக்கும் படையினரும்தாம்! ஆனால் ஒரு சான்றிதழுக்கு மதிப்பைத் தருவது காவல் மட்டுமன்று.

என் வகுப்பு நண்பர் ஒருவர் ஒரு பயிற்சி நிலையத்தில் கணிப்பொறிச் சான்றிதழ் பெற்றார். தேர்வன்று விடைகளைக் கரும்பலகையிலேயே எழுதிப் போட்டார்களாம். பின்னர் வேலைக்கான நேர்காணலில் அச்சான்றிதழை எவரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய நிறுவனங்களின் தேர்வுகளோ கட்டணத்தாலேயே நம்மை வாயிலில் நிறுத்திவிடுகின்றன. வேறு வழி இல்லையா?

உண்டு என்று காட்டியவர்கள் 'பி.எஸ்.டி.' அன்பர்கள். பி.எஸ்.டி. என்பது 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய இயங்குதளம். அதன் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி முதலியவற்றைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே பேணி வருகின்றனர். அவர்களிற் சிலர் சேர்ந்து சான்றிதழ்க் குழு ஒன்றை அமைத்தனர். அக்குழு எடுத்த எடுப்பில் வினாத்தாள் தயாரிக்கவில்லை. "நீங்கள் அன்றாடம் செய்யும் பணிகள் யாவை?" என்று கணிப்பொறிகளை நிர்வகிப்போரிடமே 2005-இல் கேட்டறிந்தது. அவ்விடைகளிலிருந்து பாடத்திட்டம் உருவாயிற்று. அது யாவரும் படிக்கும்படி இலவசமாக வெளியிடப்பட்டது.

2008-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த மாநாட்டில் தேர்வு தொடங்கியது. கட்டணம் 75 டாலர். மையத்துக்கு வாடகை இல்லை. அன்பர்கள் கூடும் மாநாட்டிலேயே ஓர் அறை, காகிதம், எழுதுகோல். கணிப்பொறித் தேர்வைக் காகிதத்தில் எழுதுவது வேடிக்கைதான்!

நண்பர்களே நண்பர்களுக்குத் தேர்வு வைத்தால் நம்பலாமா? நியாயமான ஐயம். நம் விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்துப் பொய் எண் இடுவது ஏன்? திருத்துபவர் நல்லவரா என்ற கேள்வியே எழாமல் இருப்பதற்காகத்தான். அதுபோலவே வினா எழுதுபவர், அறையைக் கண்காணிப்பவர், மதிப்பெண் கணிப்பவர் ஆகியோர் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் வேண்டும். வினாக்களையும் சோதிக்க வேண்டும். நன்கு எழுதியோர் பலர் தவறவிட்டு, மற்றவர் சரியாக எழுதிய வினாவில் ஏதோ கோளாறு உண்டு. அதை நீக்கிவிட வேண்டும். தேர்ச்சி மதிப்பெண்ணையும் 35, 40 என்று வழக்கப்படி வைப்பதில்லை. வில்லியம் ஆங்காஃப் 1971-இல் எழுதிய முறை இதற்குப் புகழ்பெற்றது. தேர்ச்சிக்கு மட்டும் தகுதியுள்ள ஒருவர் ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று துறை வல்லுநர் பலர் தனித்தனியே மதிப்பிடுவர். அம்மதிப்பீடுகளின் சராசரியைக் கூட்டினால் எல்லைக்கோடு கிடைத்துவிடும். இதற்குப் பணத்தைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும்.

குறையும் உண்டு. மாநாடு நடக்கும் ஊருக்குச் செல்லும் வண்டிச் செலவைக் கணக்கிட்டால் 75 டாலரும் சிறு தொகையாகிவிடும். 2019-இல் இத்தேர்வு, கனடாவில் 1999-இல் தொடங்கப்பட்ட இலாபநோக்கற்ற லினக்ஸ் நிபுணத்துவக் கழகத்தின் தேர்வுகளுள் ஒன்றாகப் புது வடிவம் பெற்றது. மையங்கள் பெருகின, வாடகையும் கூடவே வந்தது. எனினும் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஃபாஸ்டெம் போன்ற ஆர்வலர் கூட்டங்களில் சலுகைக் கட்டணத்தில் தேர்வு நடத்தும் வழக்கத்தை அக்கழகம் கைக்கொண்டுள்ளது.