மேஸ்திரி இல்லாத வேலை

ராமகுப்பத்தில் பஸ் ஏறினால் குப்பம். குப்பத்தில் ரயில் பிடித்தால் பெங்களூர். மழை பொய்த்தால் இளைஞர்கள் வேலை தேடிப் போகும் வழி இது.

முன்பு மேஸ்திரி அழைத்துப் போவார். கட்டட வேலை. கூலி குறைந்தால் அவரிடம் சண்டை போடலாம். அவர் வீடு எது என்று ஊருக்கே தெரியும்.

இப்போது வேறு வேலையும் வந்துவிட்டது. ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ராமகுப்பத்து அம்மா ஒருவரின் மகன் பெங்களூரில் இதைத்தான் செய்கிறான். வண்டி அவனுடையது. பெட்ரோல் அவன் காசு. எங்கே போக வேண்டும், எவ்வளவு கூலி என்பதைச் செல்போன் சொல்கிறது. கம்பெனி அவனைத் தொழிலாளி என்பதில்லை. "பார்ட்னர்" என்கிறது. பார்ட்னர் என்றால் கூட்டாளி. ஆனால் லாபத்தில் பங்கு கிடையாது!

ஒரு நாள் மகன் போன் செய்தான். குரல் சரியில்லை.

"அம்மா, என் ஐடியை மூடிட்டாங்க. காலையிலேருந்து ஒரு ஆர்டர்கூட வரலை."

"யாரு மூடினது? நேரா போய்க் கேளுப்பா."

"யாரைப் போய்க் கேக்கறது? எல்லாம் போன்லதாம்மா."

அம்மாவுக்கு இரவு தூக்கம் வரவில்லை. வண்டிக் கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டுமே!

இந்தியாவில் 2020-21இல் இப்படி 77 லட்சம் பேர் வேலை செய்ததாக நிதி ஆயோக் கணக்கிட்டது. அவர்களுக்காக முதலில் ராஜஸ்தான் 2023இல் சட்டம் செய்தது. கர்நாடகம் 2025இல் செய்தது.

மறுநாள் மாலை அம்மா படிப்பு மையத்துக்குப் போனார். கர்நாடகச் சட்டத்தைப் பற்றி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமா? கம்பெனி 14 நாள் முன்பே சொல்ல வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாடிக்கையாளருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு உண்டு. ஒப்பந்தம் எளிய மொழியில் இருக்க வேண்டும். குறையைக் கேட்க ஓர் ஆளை வைக்க வேண்டும். போன் அல்ல, ஆள்! நல நிதிக்காக, தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை கணக்கிட்டு, கம்பெனி தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது.

இதைத் தவிர, மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் இருக்கிறது. 2021இல் தொடங்கியது. ஆதார் இருந்தால் எந்த மாநிலத்தவரும் பதியலாம்.

அம்மா உடனே மகனுக்குப் போன் போட்டார்.

"கம்பெனிலேருந்து ஏதாவது எழுதி வந்துதா?"

"வந்துதும்மா. அழிச்சிடலாம்னு இருந்தேன்."

"அழிக்காதே. தேதி இருக்கா பாரு. காரணம் எழுதியிருக்கா பாரு."

மகன் மெல்லப் படித்தான். தேதி இருந்தது. காரணம் இல்லை.