கொடிக்காலும் கல்லூரியும்

சுவாமிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடிக்காலும் கவுளியும் புதிதல்ல. வெற்றிலையைக் கிள்ளுவது யார், அடுக்குவது யார் என்று உடனே சொல்வார்கள். விலையை முடிவு செய்வது யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்வியை எடுத்துப் படிப்பதுதான் வேளாண் வணிக மேலாண்மை.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இது 4 ஆண்டு இளநிலைப் பட்டம். பயிரியலோடு சந்தைப்படுத்துதல், நிதி, வேளாண் கடன் ஆகியவையும் உண்டு. 'வணிகம்' என்ற சொல்லை நம்பி, பத்தாம் வகுப்பு முடித்தவர் மேல்நிலையில் வணிகவியல் பிரிவில் சேர்ந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். சேர்க்கைக்கு அறிவியல் பாடங்கள் வேண்டும். இதை நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலான வீடுகளில் சொல்ல ஆளில்லை.

பட்டம் பெற்றவர்கள் வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை எழுதலாம். விதை, உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் செல்லலாம். 2025இல் கும்பகோணம் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை விவசாயிக்குக் கூடுதல் விலையாக மாற்றுவது இனிமேல் செய்ய வேண்டிய வேலை.

எட்டாம் வகுப்புச் சதவீதப் பாடத்தில் இதைத் தொடங்கலாம். ஒரு கவுளிக்குக் கொடிக்காலில் கிடைத்த விலையையும் கடைத்தெரு விலையையும் மாணவர்களே கேட்டு வரட்டும். இடைப்பட்ட வித்தியாசம் எத்தனை சதவீதம், அது யார் யாருக்குப் போகிறது என்று கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.