மூடிய வால்வு ஏன் முழங்குகிறது?

கேள்வி: எங்கள் ஆலையின் பிரதான நீராவிக் குழாய்மேல், குட்டையான கிளைக்குழாய் ஒன்றில் சேஃப்டி வால்வு நிற்கிறது. ஆவியோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால் முழங்குகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் அடங்கிவிடுகிறது. வால்வு ‘பாஸ்’ ஆகிறதென்று ஃபிட்டர் சொல்ல, சீட்டை லேப்பிங் செய்து மாட்டியும் பயனில்லை. மூடிய வால்வுக்கு இத்தனை குரல் ஏது?

பதில்: ஃபிட்டர் சந்தேகித்ததில் நியாயமுண்டு, ஆனால் கசிகிற வால்வு ஓட்டம் எதுவாயினும் சீறிக்கொண்டிருக்கும், ஒரு வேகத்தில் மட்டும் முழங்கி மற்ற வேகங்களில் மௌனம் சாதிப்பதோ சுழிகளின் லட்சணம். விரைந்து வரும் ஆவி, கிளையின் வாயை அடைந்ததும் அணைத்து வந்த சுவரைத் திடீரென இழந்து, முன்விளிம்பிலிருந்து சுழிசுழியாக உதிர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்விளிம்பில் மோதுகிறது. வேகம் ஏற ஏற, விநாடிக்கு உதிரும் சுழிகளின் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் ஏறும். காற்றில் கம்பிகள் எழுப்பும் நாதத்தை ஆராய்ந்து இவ்விகிதத்தை 1878-இல் வெளியிட்டவர் செக் பௌதிக அறிஞர் ஸ்ட்ரௌஹால்.

கிளைக்குள் அடைபட்ட ஆவிக்கோ, காலிக் குப்பியின் வாயில் ஊதும்போது கேட்பதுபோல, சொந்தமாக ஒரு சுருதி உண்டு. ஆவியில் ஒலியின் வேகத்தைக் கிளைநீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும்: வேகம் விநாடிக்கு 490 மீட்டர், நீளம் 0.8 மீட்டர் என்றால், ஏறத்தாழ 153 அதிர்வுகள். சுழிகளின் எண்ணிக்கை இதை நெருங்கியதும் அதிர்வே சுழிகளைத் தன் தாளத்துக்கு உதிரச் செய்ய, ஒன்றையொன்று வளர்த்து முழக்கமாகின்றன.

இதை அற்பமாக எண்ணலாகாது. அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் அணுமின் நிலையத்தில், உற்பத்தியைப் பெருக்க ஆவியோட்டத்தை உயர்த்தியபின், 2002-இல் உலையினுள்ளிருந்த ஆவி உலர்த்தி பழுதடைந்தது. நிவாரண வால்வுகளின் கிளைகளில் பிறந்த நாதம் ஓட்டத்துக்கு எதிராகக் குழாய்வழியே சென்று விளைத்த சேதம் அது. பின்னர் அக்கிளைகளில் ஒலியை விழுங்கும் பக்கக்குழல்களைப் பொருத்தினார்கள்.

தாங்கள் முதலில் பிரதான குழாயின் உட்சுவரிலிருந்து வால்வு டிஸ்க்வரை நீளத்தை அளந்து, மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிளையைக் குட்டையாக்கினாலோ, அதன் வாய்விளிம்பை வளைவாகச் சீவினாலோ, முழக்கம் தங்கள் ஓட்டம் எட்டாத வேகத்துக்கு நகர்ந்துவிடக்கூடும். வெளியே சப்போர்ட் கொடுத்து இறுக்குவதால் உள்ளே பிறக்கும் நாதம் நிற்காது. சேஃப்டி வால்வின் கிளை என்பதால், கொதிகலன் ஆய்வாளரின் அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். அதுவரை அந்த ஓட்ட அளவில் நிலைத்து ஓட்டாதிருப்பது உத்தமம். இடைவிடாத அதிர்வில் டிஸ்க்கும் சீட்டும் தேய்ந்து, ஃபிட்டர் சொன்ன கசிவு மெய்யாகவே வந்து சேரும்.