ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டா அறுவைக்குப் போவது?

எடைக்குறைப்பு அறுவையைப் பற்றி நம் ஊரில் உலவும் பேச்சு பெரும்பாலும் அறுவைக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. முடி கொட்டும், ஆயுசுக்கும் கஞ்சிதான், போன எடை திரும்பி வந்துவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். அறுவைக்கு முந்தைய வாரங்களைப் பற்றிய நம்பிக்கைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. அவற்றில் சில, ஆபரேஷன் மேசை வரை கூடவே வரும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை அல்ல. அது லைப்போசக்‌ஷன், அழகு சார்ந்தது. பேரியாட்ரிக் எனப்படும் எடைக்குறைப்பு அறுவையில் கொழுப்பை எடுப்பதே இல்லை. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குறுகலான குழாயாக்குகிறார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். இதனால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் குறைகிறது, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. எடை இறங்குவது இதற்கெல்லாம் பிறகு.

“இனிமே சாப்பிட முடியாது, இப்பவே ஆசை தீரச் சாப்பிட்டுக்கட்டும்”

தேதி குறித்த சேதி பரவியதும் விருந்து தொடங்கிவிடும். அத்தை வீட்டில் பிரியாணி, சித்தி வீட்டில் அதிரசம், அலுவலக நண்பர்களோடு பரோட்டாவும் சால்னாவும். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த விருந்து போய்ச் சேரும் இடம் கல்லீரல். அறுவை மருத்துவருக்குக் குறுக்கே நிற்கப்போவதும் அதுதான்.

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதியை மூடியபடி இருக்கிறது. லேப்ராஸ்கோபி முறையில் வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துக்கொண்டே மருத்துவர் வேலை செய்கிறார். இரைப்பையை எட்ட வேண்டுமானால் முதலில் அந்த மடலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லீரல் பெருத்து, கனத்து, எளிதில் கிழியக்கூடியதாக இருக்கும். தூக்கும்போது கிழிந்தால் ரத்தம் கசியும், பார்வை மறையும், நேரம் நீளும். வழியே கிடைக்காவிட்டால் வயிற்றைத் திறந்து செய்யவோ, அறுவையை அப்படியே நிறுத்திவிடவோ நேரலாம்.

அதனால்தான் அறுவைக்கு முன் பெரும்பாலும் 2 வாரம் குறைகலோரி உணவு தருகிறார்கள். நாளுக்கு 800 முதல் 1000 கலோரி வரை. மாவுச்சத்து குறைவு, புரதம் போதுமான அளவு. கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் முதலில் இந்தச் சேமிப்பும் நீரும் கரைகின்றன. அடுத்து கொழுப்பு குறைகிறது. இரண்டே வாரத்தில் கல்லீரல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்குகிறது. ஆனால் கிளைகோஜன் திரும்ப நிரம்ப ஓரிரு நாள் போதும். பத்து நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வாரமும் தட்டில் சோறு, இட்லி, சப்பாத்தி கொஞ்சமாகத்தான் இருக்கும். முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பனீர், சுண்டல், கீரை, காய், நீர்மோர் எல்லாம் முன்னுக்கு வரும். சர்க்கரை போட்ட காபியும் பழச்சாறும் கிடையாது. பாலில் கலக்கும் பவுடர் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, “சத்து பானம்” என்று விற்பவற்றில் பலவும் முக்கால்வாசி மாவும் சர்க்கரையும்தான் என்பது இந்தச் சமயத்திலாவது உறைக்க வேண்டும். அளவை மருத்துவமனையின் உணவு ஆலோசகர்தான் உங்களுக்கென்று முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரர் கடைப்பிடித்த பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது.

“அப்படின்னா பட்டினியே கிடக்கலாமே. வயிறும் சுருங்கிடும்”

ஆகாது. புரதம் இல்லாத பட்டினியில் தசை கரையும். அறுவைக்குப் பின் புண் ஆறவும், எழுந்து நடக்கவும் தேவைப்படுவது அந்தத் தசைதான். பட்டினியால் இரைப்பை நிரந்தரமாகச் சுருங்கிவிடுவதும் இல்லை. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுப் பழகுகிறேன் என்பதும் தலைகீழான பழக்கம். அறுவைக்குப் பின் வேண்டியது, சிறு சிறு அளவில், நாளில் பல முறை சாப்பிடுவது. விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவுவதும் வேண்டாம். உடலில் நீரும் உப்பும் குறைந்த நிலையில் மயக்க மருந்து வாங்கிக்கொள்வது நல்லதல்ல.

இப்போதே பழகக்கூடியவை வேறு. ஒரு வேளைச் சாப்பாட்டை 20, 30 நிமிடத்துக்கு நீட்டுவது. வாயில் கூழாகும் வரை மெல்வது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது. முதல் கவளமே புரதமாக இருப்பது. எளிதாகத் தெரியும், செய்து பார்த்தால்தான் சிரமம் புரியும். சாம்பாரில் மிதக்கும் இட்லியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுபவருக்கு இது வாழ்க்கை முறையையே மாற்றும் வேலை. வயிற்றில் தையலோடு இதை முதன்முறையாகக் கற்கத் தொடங்குபவர் வாந்தியோடுதான் கற்கிறார்.

புரதக் கணக்கையும் இப்போதே போட்டுப் பழகலாம். அறுவைக்குப் பின் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நான்கு இட்லியில் 8 கிராம் தேறினாலே அதிகம். சைவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் பிறகு திண்டாடுவார்கள்.

“குண்டா இருக்கிறவங்களுக்குச் சத்துக் குறைவா?”

நம்புவது கடினம்தான். கலோரி மிகுந்த உணவு சத்து மிகுந்த உணவாக இருக்க வேண்டியதில்லை. அறுவைக்கு வருபவர்களிடம் வைட்டமின் டி, இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றின் குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. சர்க்கரை நோய்க்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய்போல விழுங்குபவர்களுக்கும் பி12 இன்னும் குறையலாம். அறுவை உணவின் அளவைக் குறைக்கிறது, பைபாஸ் சத்து உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. ஏற்கெனவே காலியான கணக்கோடு அதில் இறங்கக் கூடாது. அதற்காகத்தான் அத்தனை ரத்தப் பரிசோதனை. எண்டோஸ்கோபியும் அப்படித்தான். இரைப்பையில் புண்ணோ கிருமியோ இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் ஸ்லீவ் அதை அதிகமாக்கக்கூடும் என்பதால் பைபாஸை யோசிப்பார்கள். “தேவையில்லாத டெஸ்ட் எழுதிக் காசு பிடுங்குகிறார்கள்” என்ற சந்தேகம் வேறு சில இடங்களில் நியாயமாக இருக்கலாம். இங்கே இல்லை.

“எடையைக் குறைத்துக் காட்டினால்தான் செய்வார்களாம்”

இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பல, மாதக்கணக்கில் டயட் இருந்து காட்டச் சொல்லி நிபந்தனை போட்டுவந்தன. அங்குள்ள பேரியாட்ரிக் மருத்துவர் சங்கம் 2016-இல் இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. அறுவைக்கு முந்தைய தயாரிப்பு என்பது தகுதித் தேர்வு அல்ல. இரண்டு வாரத்தில் எத்தனை கிலோ இறங்கியது என்பதைவிட, கல்லீரல் சுருங்கியதா, சர்க்கரை கட்டுக்குள் வந்ததா என்பவையே முக்கியம்.

யாருக்கு அறுவை என்பதன் எல்லையும் மாறியிருக்கிறது. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த வரையறை உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 40, அல்லது இணைநோய்களோடு 35. உலகச் சங்கங்கள் 2022-இல் அதைத் தளர்த்தின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதால் 27.5 முதலே இதைப் பற்றிப் பேசலாம் என்றன. ஆனால் நம் நாட்டுக் காப்பீட்டு விதிகள் இன்னும் பழைய எண்களையே ஒட்டி நிற்கின்றன. மருத்துவர் தகுதி உண்டு என்றாலும் காப்பீடு மறுக்கலாம். முன்பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

“மாத்திரையெல்லாம் வழக்கம்போல போட்டுக்கலாம்”

இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு, கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். குறைகலோரி உணவு தொடங்கும் அன்றே மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு சிக்கல். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இவற்றை அறுவைக்கு 3 நாளாவது முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அறிவித்தது. மாவுச்சத்து குறைந்த உணவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே வரக்கூடும் என்பதுதான் இதன் கொடுமை. எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் இருக்கும்போது உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் மாத்திரை, வைத்தியர் தந்த லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

“குறட்டைதானே, அதுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன?”

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி எழுவது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். அறுவை முடிந்த இரவில் மூச்சு அடைபட அது போதும். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் நோயாளி அல்ல, பக்கத்தில் படுப்பவர். ஆலோசனைக்கு அவரையும் அழைத்துப் போவது நல்லது. தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரம் எழுதிக்கொடுத்தால் முன்கூட்டியே பயன்படுத்திப் பழகி, மருத்துவமனைக்கும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சிகரெட்டை முந்தின நாள் விட்டால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் இது பொருந்தும். பைபாஸ் செய்தவர் புகையைத் தொடர்ந்தால் இணைப்பு இடத்தில் புண் வரும் வாய்ப்பு அதிகம். மதுவும் அப்படியே. பைபாஸுக்குப் பிறகு அதே அளவு மது வேகமாக ரத்தத்தில் ஏறும். முன்பு கட்டுக்குள் குடித்துவந்த சிலர் அடிமையானதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

“மனநல மருத்துவரிடம் ஏன் அனுப்புறாங்க? நான் என்ன பைத்தியமா?”

கோபம் புரிகிறது. வாழ்நாள் முழுக்க “வாயைக் கட்டத் தெரியலை” என்று ஊரே சொல்லக் கேட்டவருக்கு இது இன்னொரு அவமானமாகத் தோன்றும். ஆனால் அங்கே கேட்பது உங்கள் மூளையின் தரத்தை அல்ல. நள்ளிரவில் எழுந்து சாப்பிடுகிறீர்களா, கவலை வந்தால் கை எதைத் தேடுகிறது, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறீர்களா, வீட்டில் சமைப்பவர் இதற்கு ஒத்துழைப்பாரா என்பவைதான் கேள்விகள். வயிற்றைச் சிறிதாக்கலாம். துக்கத்தில் சாப்பிடும் பழக்கம் அறுவையால் போகாது. கட்டியாகச் சாப்பிட முடியாதபோது அது ஐஸ்கிரீமாகவும் மில்க்‌ஷேக்காகவும் உள்ளே போகும். கல்யாணமான பெண்கள் குழந்தைத் திட்டத்தையும் இங்கேயே பேசிவிடுவது நல்லது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

“பணம் கட்டினா அடுத்த வாரமே பண்ணிடுவாங்க, ரெண்டு நாள்ல வீடு”

2024-இல் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தார். அதன்பின் பலர் இந்த அறுவையே கொலைகார அறுவை என்று பேசினார்கள். அது உண்மையல்ல. அனுபவமுள்ள மையங்களில் இதன் இறப்பு விகிதம் ஆயிரத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. பணம் கட்ட அவசரப்படும் முன் கேட்க வேண்டியது, அறுவை எங்கே நடக்கிறது என்பதைத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா? மயக்க மருத்துவர் முன்கூட்டியே உங்களைப் பார்ப்பாரா? மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்? உணவு ஆலோசகர் ஒரு வருடம் கழித்தும் கிடைப்பாரா? இரைப்பையைத் தைத்த இடத்தில் ஏற்படும் கசிவு வீடு திரும்பிய பிறகும் தலைகாட்டலாம். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், தோள்வரை பரவும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்று இப்போதே கேட்டு, அந்த எண்ணை உங்கள் கைபேசியில் மட்டுமல்லாமல் வீட்டில் இன்னும் இரண்டு பேரின் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.