வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

‘சித்த வைத்தியருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில வருஷங்களுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திருநீர்மலையில் என் வைத்தியசாலைக்கு ஒரு பெண்மணி வந்தார். மாமனாருக்குத் தூக்கம் வர மருந்து வேண்டுமாம். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பிறகு லைசென்ஸ் வாங்கிய சொந்தத் துப்பாக்கியோடு காவல் வேலை பார்த்தவர். மனைவி போனபிறகு தூக்கம் போனது, குடி கூடியது. “யாரோ நம்மள வேவு பாக்கறாங்கன்னு சொல்றாரு டாக்டர். ராத்திரி பூரா எழுந்து எழுந்து கதவைத் தட்டிப் பாக்கறாரு” என்றார். எல்லாம் விசாரித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகிறபோது, “அந்தத் துப்பாக்கிய வேற கட்டிலுக்கு அடியிலயே வெச்சிருக்காரு” என்றாரே பார்க்கலாம்! மறுபடி உட்காரச் சொன்னேன்.

சித்த மருத்துவத்தில் மனநோய்களைக் ‘கிரிகை’ என்போம். தூக்கம் கெட்டு, குடியும் சேர்ந்து, சந்தேகமும் வந்துவிட்டால் மருந்து வேலை செய்ய நாளாகும். அதுவரை என்ன செய்வது? வீரம், பூரம், பாஷாணம் எல்லாவற்றையும் நாங்கள் பூட்டித்தான் வைக்கிறோம். துப்பாக்கிக்குப் பூட்டு மட்டும் போதாது, சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். வீட்டை விட்டே அது போக வேண்டும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், யார் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது. 21 வயது நிரம்பாதவர், வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர் (தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் வரை), அமைதி காப்பதாக ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பவர் ஆகியோர் வைத்திருக்க முடியாது. மனநிலை சரியில்லாதவருக்கு லைசென்ஸ் மறுக்கப்படும். ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் 17-வது பிரிவின்படி அதை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் 2022 ஜனவரியில் வந்தது. கமிஷனர் இருக்கும் ஊரில் இந்த அதிகாரம் அவருடையது.

லைசென்ஸ் போன பிறகு துப்பாக்கி? 21-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வீண் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ‘காலாவதியாகிவிட்டது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பரணில் போட்டு வைத்தால் அதுவே குற்றம், சிறைக்கு இடமுண்டு. அப்பா காலமாகி, அவர் துப்பாக்கி பீரோவில் கிடக்கிற வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் அப்பாவுக்கு, உங்களுக்கு அல்ல.

அந்தப் பெண்மணியின் பயம் வேறு. “ஸ்டேஷனுக்குப் போனா கேஸாயிடுமா? மாமா மானம் போச்சுன்னு நினைப்பாரே!” தானே முன்வந்து ஒப்படைப்பது கேஸ் அல்ல. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்தாரர்கள் பலர் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்குகிறார்களே, அதே மாதிரிதான். லைசென்ஸ் இருக்கும்போதே பாதுகாப்புக்காகவும் ஒப்படைக்கலாம். உரிமை பறிபோவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் லைசென்ஸ் சரியானால் திரும்பப் பெறலாம், இல்லாவிட்டால் சட்டப்படி விற்றுப் பணம் பெறலாம். கெடு தாண்டினால்தான் அரசுக்குப் போகும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

‘சாக நினைப்பவர் எப்படியும் சாவார்’ என்று சொல்வார்கள். அது தப்பு. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். கைக்கெட்டும் தூரத்தில் கருவி இல்லையென்றால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வார விடுமுறைக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றது. வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தபோது, 1995-க்குப் பின் பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியானது.

கணவன் ஆயுதத்தைக் காட்டி மிரட்டுகிற வீடுகளும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ம் ஆண்டு விதிகளின்படி, மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் பாதுகாப்பு அலுவலர் போலீஸ் உதவியோடு அந்த ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். மனுவில் ஆயுதம் இருப்பதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குடித்திருக்கும்போது அவரிடம் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள். குண்டை நீங்களே கழற்றப் பார்க்காதீர்கள். பையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறவும் வேண்டாம், உங்களிடம் லைசென்ஸ் கிடையாதே! ஸ்டேஷனில் சொன்னால் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவசரமென்றால் 112. மனநல ஆலோசனைக்கு 14416.

அந்த வீட்டில் பழைய ராணுவ நண்பர் ஒருவர் காலை நேரத்தில் பேசிப் பார்த்தார். பெரியவர் தானே ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்தார். மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன், என் மருந்தும் கூடவே நடந்தது. தூக்கம் வர மூன்று மாதமாயிற்று. துப்பாக்கியைத் திரும்ப வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டார். “வித்துடுங்க ஐயா” என்றேன். முறைத்தார். அடுத்த மாதம் விற்றுவிட்டார்.