கீபோர்டில் மைலோ கொட்டினால்

இந்தத் தொடரில் இதுவரை கணினியில் என்னென்ன செய்யலாம் என்றுதான் பார்த்து வந்தோம். இந்த மாதப் பாடம் வேறு. கணினிக்கு ஒன்று ஆகிவிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும், அதிலும் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம்.

எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். தேவாரப் போட்டிக்கு முந்திய வாரம். சனிக்கிழமை சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் பசியாறிக்கொண்டிருந்தார்கள். கிளைக்கென்று இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. போட்டியாளர் பெயர்ப்பட்டியல், உறுப்பினர் பதிவு, அந்த ஆண்டு நன்கொடைக் கணக்கு எல்லாம் அதில்தான். பதின்மூன்று வயதுத் தம்பி ஒருவன் மைலோ கிளாஸோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். கை தட்டி கிளாஸ் சாய்ந்தது. யாரும் பார்க்கவில்லை. தன் சட்டையாலேயே மேலே துடைத்துவிட்டு, மூடியைச் சாத்தி, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை இரவு நான் அலமாரியைத் திறந்தபோது மடிக்கணினியைச் சுற்றி எறும்பு வரிசை. சார்ஜரைச் செருகி பொத்தானை அழுத்தினேன். ஒரு நொடி விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தம்பி ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அந்த மூன்று நாளில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். அது புரிந்தால் செய்முறை தானாகவே புரிந்துவிடும்.

தண்ணீர் பட்டதும் மின்பொருள் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். தண்ணீர் மட்டும் அவ்வளவு கொடியது அல்ல. தண்ணீரும் மின்சாரமும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் கெடுதல். ஈரமான சர்க்யூட் பலகையில் மின்சாரம் ஓடினால், ஓடக்கூடாத இடத்துக்கெல்லாம் ஈரத்தின் வழியாகப் பாய்கிறது. சில பாகங்கள் உடனே கருகலாம். கருகாவிட்டாலும், மெல்லிய செம்புக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு பச்சை பூத்துப் போகும். மடிக்கணினியை அணைத்துவிட்டாலும் பேட்டரி உள்ளே இணைந்தேதான் இருக்கிறது. ஆகவே அரிப்பு நிற்பதில்லை. எங்கள் மடிக்கணினி மூடியைச் சாத்தியதும் தூங்கப் போனதே தவிர, அணையவில்லை. ஈரத்தோடும் மின்சாரத்தோடும் மூன்று நாள் அலமாரியில் இருந்திருக்கிறது.

இரண்டாவது எதிரி சீனி. ஈரம் காய்ந்தாலும் சீனி போகாது. பசையாகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அது முழுதாகக் காய்வதுகூட இல்லை. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து பிசுபிசுவென்றே இருக்கும். பால் கலந்த பானம் என்றால் கொழுப்பும் சேரும், நாலு நாளில் வாடையும் வரும். ஆகவே என்ன கொட்டியது என்பது முக்கியம். பச்சைத் தண்ணீர் என்றால் பிழைக்க நல்ல வாய்ப்பு. சீனி போடாத கோப்பி ஓ அதற்கு அடுத்தது. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், மைலோ இரண்டும் மோசம். கோலா வகைகளில் சீனியோடு அமிலமும் உண்டு. விளையாடிவிட்டுக் குடிக்கிறோமே, உப்புச் சத்து சேர்த்த ஐசோடோனிக் பானங்கள், அவை தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். கணினி பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம் லா.

சரி, கொட்டிவிட்டது. இப்போது என்ன?

மடிக்கணினி என்றால் முதல் வேலை துடைப்பது அல்ல, மின்சாரத்தை நிறுத்துவது. சார்ஜர் செருகியிருந்தால் சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணையுங்கள், காய்ந்த கையால். பிறகு சார்ஜரைப் பிடுங்குங்கள். "ஃபைலை சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்றேன்" என்று மெனுவைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பவர் பொத்தானைத் திரை இருண்டு போகும்வரை, ஒரு பத்து நொடி, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, திரையை நன்றாக விரித்து, மேசையில் ஒரு துண்டைப் போட்டு, கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். விசைகள் துண்டைப் பார்த்திருக்க வேண்டும். உதறாதீர்கள், இப்படியும் அப்படியும் சாய்க்காதீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் விசைப்பலகைக்கு நேர் கீழே தாய்ப்பலகை இருக்கிறது. உதறினால் ஓர் ஓரத்தில் இருந்த மைலோவை நாமே எல்லா இடத்துக்கும் அனுப்பி வைத்த கணக்கு.

இதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டமான பகுதி. சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து "இப்ப ஓன் ஆகுதான்னு பாப்போம்" என்று கை துடிக்கும். காய்ந்து பிழைத்திருக்க வேண்டிய கணினிகள் பல இந்த ஒரு 'பார்ப்போம்'-ஆல்தான் போகின்றன. வெறும் தண்ணீர் கொஞ்சம்தான் பட்டது என்றால் காற்றாடிக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் கவிழ்த்து வைத்த பிறகு முயன்று பார்க்கலாம். சீனி, பால் என்றால் காத்திருப்பதில் பயனில்லை. அன்றே பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போங்கள். அவர்கள் பின்பக்கத்தைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்வார்கள். கடையில் உண்மையைச் சொல்லுங்கள்: என்ன பானம், எத்தனை மணிக்குக் கொட்டியது, அதற்குப் பிறகு எத்தனை தடவை ஓன் செய்து பார்த்தீர்கள். சில மடிக்கணினிகளின் உள்ளே ஈரம் பட்டால் சிவக்கிற சின்ன ஒட்டிகள் உண்டு. மறைத்தாலும் தெரிந்துவிடும்.

அரிசி மூட்டைக்குள் புதைப்பது பற்றி யாராவது கேட்பீர்கள். வேண்டாம். திறந்த இடத்தில் காற்றாடி செய்கிற வேலையை அரிசி செய்யாது. தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். முடி உலர்த்தியின் சூட்டில் விசைகள் நெளிந்து போகும். மத்தியான வெயிலில் காருக்குள் வைப்பதும் அப்படித்தான்.

மேசைக் கணினியின் விசைப்பலகை

இது எளிது. இதில்தான் நீங்கள் தைரியமாகக் கை வைக்கலாம். யூஎஸ்பி வயரில் வருவது 5 வோல்ட்தான், ஆளுக்கு ஆபத்தில்லை. வயரை உடனே பிடுங்குங்கள். கணினி ஓடிக்கொண்டே இருக்கட்டும், பரவாயில்லை. பழைய உருண்டைச் செருகி வகை என்றால் மட்டும் கணினியை முறையாக அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். வயர் இல்லாத வகை என்றால் பேட்டரியை எடுங்கள். கவிழ்த்து வடியவிட்டு, ஈரத் துணியால் மேற்பரப்பைத் துடையுங்கள். சீனிப் பானம் என்றால் திறந்தே ஆக வேண்டும். திறப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும் என்பவர்கள்தான் கடைசியில் நடுவில் இரண்டு விசையைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள். (நானும் முழித்திருக்கிறேன்.)

முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துப் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றுங்கள். எல்லாம் கழற்றியும் திறக்கவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். பின்னால் ஒட்டியிருக்கும் தாளுக்கு அடியிலோ ரப்பர் கால்களுக்கு அடியிலோ ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். மூடியைத் தூக்கினால் கண்ணாடி போன்ற மெல்லிய நெகிழித் தாள்கள் தெரியும். வழக்கமாக மூன்று. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சடித்திருக்கும். நடுத்தாளில் ஓட்டைகள் மட்டும். நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது, அந்த ஓட்டை வழியாக மேல் கோடும் கீழ்க் கோடும் தொட்டுக்கொள்கின்றன. விசையை மறுபடியும் மேலே தள்ளுவது சிறு ரப்பர்க் கிண்ணம். இவ்வளவுதான் இருபது முப்பது வெள்ளி விசைப்பலகையின் ரகசியம். மைலோ அந்தத் தாள்களுக்கு நடுவே புகுந்தால்தான் ஒரு விசையைத் தட்டினால் நான்கு எழுத்து வருகிறது, அல்லது ஒன்றுமே வராமல் போகிறது.

தாள்களை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து நிழலில் உலர விடுங்கள். சுரண்டினால் கோடு போய்விடும். சில வகைகளில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரிக்க முயலாமல் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். ரப்பர்க் கிண்ணங்கள் தனித்தனியாக இருந்தால் எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள், உருண்டு ஓடிவிடும். வயர் வந்து சேரும் இடத்தில் சுண்டுவிரல் அளவு ஒரு சர்க்யூட் பலகை இருக்கும். அதற்குத் தண்ணீர் வேண்டாம்; பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஆல்கஹாலுக்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள். அசிட்டோன் உள்ள திரவம் நெகிழியையே கரைத்துவிடும்.

விசைகளைத் தட்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பி எடுத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்து ஊற வையுங்கள். ஸ்பேஸ், எண்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளுக்கு அடியில் ஒரு கம்பி உண்டு. அது எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தக் கம்பியை மறந்துவிட்டு மாட்டினால் ஸ்பேஸ் விசை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். மடிக்கணினி விசைகளை மட்டும் இப்படி நெம்பாதீர்கள். அவற்றின் அடியில் கத்தரிக்கோல் மாதிரி மெல்லிய கைகள் இருக்கின்றன, ஒடிந்தால் ஒட்ட முடியாது.

எல்லாம் காய இரண்டு நாள் கொடுங்கள். திரும்பப் பூட்டும்போது நெகிழித் தாளின் நுனி அந்தச் சிறு பலகையின் மேல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி விசைகள் வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பூட்டிய பிறகு ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நம்மில் அஞ்சல் முறையில் தமிழ் தட்டுபவர்கள் 'ஏ' விசையை முதலில் சோதியுங்கள். நம் நாட்டில் பிறந்த முரசு அஞ்சல் வழியாகப் பழகியவர்களுக்குத் தெரியும், 'தமிழ்' என்பதை ஒலிப்படி ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறோம். அந்த ஒரு விசை ஒட்டிக்கொண்டால் அகரம் ஏறாது. 'தமிழ்' என்பது 'த்மிழ்' என்று வந்து நிற்கும். பழைய விசைப்பலகை ஒன்றில் நான் தட்டிய திருவிழா அறிவிப்பில் பாதி எழுத்துக்குப் புள்ளி வைத்திருந்தது. ஐயர் கேட்டார், "என்ன தம்பி, எல்லாத்தையும் விக்கவிக்க எழுதியிருக்கீங்க?"

பானம் மட்டும்தான் எதிரி என்று நினைக்காதீர்கள். ஆயுத பூஜையன்று கணினிக்கும் பொட்டு வைக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அரைத்த சந்தனத்தை விசைகளின் மேலா வைப்பது? விபூதியும் குங்குமமும் இடுக்கில் விழுந்தால் ஈரத்தை இழுத்து அங்கேயே உறைந்துவிடும். திரையின் பின்பக்கம், கணினிப் பெட்டியின் நெற்றி, இங்கே பொட்டு வையுங்கள். பூஜைக்கு முந்திய நாள் விசைப்பலகையைத் திறந்து சுத்தம் செய்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இனி எங்கள் மடிக்கணினிக்கு வருகிறேன். கடைக்காரர் திறந்து காட்டினார். தாய்ப்பலகையின் ஓரம் பச்சை பூத்திருந்தது. "அன்னிக்கே கொண்டாந்திருந்தா கழுவிக் கொடுத்திருப்பேன்" என்றார். ஆனால் சேமிப்பு வட்டு தப்பித்திருந்தது. அதைக் கழற்றி யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு வேறு கணினியில் செருகினோம். பெயர்ப்பட்டியலும் கணக்கும் கிடைத்தன. இப்போது வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே ஒரு பென்டிரைவில் நகல் எடுக்கிறோம்; அதைக் கணினி இருக்கும் அலமாரியில் வைப்பதில்லை. உங்கள் வீட்டில் மடிக்கணினியின் விசைகள் மட்டும் செத்து மற்றதெல்லாம் வேலை செய்தால், புது மடிக்கணினிக்கு ஓடாதீர்கள். வெளியில் ஒரு யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகினால் போதும்.

அந்தத் தம்பி ஏன் சொல்லவில்லை? விசாரித்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "போன தடவ மைக் விழுந்து ஒடஞ்சப்போ அண்ணன் எல்லார் முன்னாடியும் அந்தக் கா ஏசினீங்களே." மைக்கைப் போட்டது வேறு பையன். ஏசியது நான்தான். அந்த மைக் என்ன விலை என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு நான் ஏசிய ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. முதல் ஒரு நிமிடம் எவ்வளவு முக்கியம் என்று மேலே இவ்வளவு எழுதியிருக்கிறேன். அந்த நிமிடத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது மைலோ அல்ல. மைக்கை உடைத்த பையனை அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் ஏசியதற்கு அதுதான் சரி என்று தோன்றியது. கிளைப் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் இந்தப் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள்.

இப்போது எங்கள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "கொட்டிருச்சா? பிளக்கைப் பிடுங்கு. பொத்தானை அழுத்திப் பிடி. கவிழ்த்து வை. அண்ணனைக் கூப்பிடு, ஏசமாட்டார்." கடைசி வாக்கியத்தை எழுதியது அந்தத் தம்பிதான். நான் அழிக்கவில்லை.

அடுத்த மாத வகுப்புக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. வீட்டில் தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய விசைப்பலகை இருந்தால் கொண்டு வாருங்கள், வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. சின்ன நட்சத்திரத் திருப்புளி ஒன்று, பழைய துண்டு ஒன்று, திருகாணி போட்டு வைக்க ஒரு மூடி. பசியாறல் இந்தத் தடவை வெளி வராந்தாவில்.